குடமுருட்டிக் கரையில் ஒரு கொல்லை: மயில், காகம், கிளியைத் தடுத்த விவரம்

பாபநாசம் வட்டத்தில் குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஓர் ஊர். வீட்டுக்குப் பின்னால் 66 அடி நீளம், 40 அடி அகலம், ஏறக்குறைய 6 சென்ட் கொல்லை. வடக்கே 5 அடி மதில். கிழக்கிலும் தெற்கிலும் ஒதியும் கல்யாண முருங்கையும் போத்து நட்டு வளர்த்த உயிர்வேலி. கிழக்கு வேலியைத் தாண்டினால் நடவு வயல், வரப்புக் கோடியில் ஒரு பெரிய புளியமரம். கொல்லைக்குள் 4 தென்னை, ஒரு கொய்யா, ஒரு மாதுளை, 2 பப்பாளி. மிச்ச இடமெல்லாம் காய்கறிப் பாத்தி. மண், வண்டல் கலந்த களி.

ஆடிப்பெருக்கன்று முளைக்கீரையும் தட்டைப்பயறும் வெண்டையும் விதைத்தார்கள். அடுத்த வாரம் 40 கத்தரி நாற்றும் 30 தக்காளி நாற்றும் நட்டார்கள். ஆவணி பிறந்து ஒரு வாரத்தில் பாத்தியில் மிஞ்சி நின்றது 11 கத்தரி, 7 தக்காளி. தட்டைப்பயறு முளைத்த சுவடே இல்லை. கொய்யாவில் பழுத்ததெல்லாம் பாதி தின்றபடி மரத்தடியில் கிடந்தது. வீட்டார் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: மயில். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்காமல் மயிலுக்கு மட்டும் வேலி போட்டிருந்தால், செலவும் போய் அடுத்த நாற்றும் போயிருக்கும்.

யார் தின்றது?

சாயங்காலம் பாத்தியைச் சுற்றி 2 அடி அகலத்துக்கு ஆற்று மணலைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்துச் சமமாக்கிவிட வேண்டும். விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்க்க வேண்டும். மறுபடி 10 மணிக்கு ஒரு முறை, மாலை 5 மணிக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் தடத்தைக் குறித்துக்கொண்டு மணலைத் திரும்ப மட்டமாக்க வேண்டும். இந்தக் கொல்லையில் 3 நாள் இப்படிப் பார்த்ததிலேயே கதை தெளிந்துவிட்டது.

கிழக்கு வேலியின் அடியில், இரண்டு ஒதியங்காலுக்கு நடுவே ஓரடி சந்து. அதன் வழியே நீண்ட மூன்று விரல் தடம், உள்ளங்கை நீளத்துக்கு. மயில்தான். ஆனால் அது பறந்து வரவில்லை, நடந்து வந்திருக்கிறது. இது முக்கியமான செய்தி. இரவு புளியமரத்தில் அடையும் மயில் விடியலில் திறந்த வயலில் இறங்கி, மேய்ந்தபடியே வரப்பில் நடந்து வேலிச் சந்தில் நுழைகிறது. நடக்க வழி இருக்கும்வரை அது மதிலேறிக் குதிக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

பாத்தி நடுவில் இருந்ததெல்லாம் காகத் தடம். தென்மேற்கு மூலையில் கோழித் தடம். பக்கத்து வீட்டுக் கோழி வந்து போவது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது.

செடியும் தன் பங்குக்குச் சாட்சி சொல்லும். நாற்றைப் பிடுங்கி, தின்னாமல் அங்கேயே போட்டிருந்தால் அது காகமோ மைனாவோ செய்த வேலை. புதிதாகக் கிளறி நீர் விட்ட மண்ணில் புழு தேடும்போது நாற்று குறுக்கே நின்றால் இழுத்துப் போட்டுவிடும். தளிரும் நுனி இலையும் பிய்ந்து, தண்டு மட்டும் நின்றால் மயில். அது பாத்தியில் குளித்த மண்குழியும் பக்கத்திலேயே இருக்கும்: தட்டுக்கூடை அளவில் வழவழவென்று, பொடி மண்ணோடு. தண்டு தரை மட்டத்தில் வெட்டிவிட்டதுபோல் சாய்ந்து, மணலில் தடமே இல்லையென்றால் அது பறவை அல்ல. அந்தச் செடியின் வேரடியில் 2 அங்குலம் கிளறிப் பாருங்கள், சுருண்டு கிடக்கும் வெட்டுப்புழு கிடைக்கும். இங்கே 40 கத்தரியில் 4 இந்தப் புழுவுக்குப் போனவை. கீரை விதை காணாமல் போனால் முதலில் எறும்பைச் சந்தேகியுங்கள். தட்டைப்பயறு போனது புறாவுக்கு. மணிப்புறா ஜோடி ஒன்று காலையும் மாலையும் வந்து ஒவ்வொரு குழியாகக் கொத்தி எடுத்தது கண்ணெதிரே தெரிந்தது.

கொய்யாவில் மூவர் பங்கு. கிளி பகலில் வரும், தோலைக் கிழித்து உள்ளே விதைப்பகுதியைத் தின்றுவிட்டுப் பாதிப் பழத்தைக் கீழே போடும். அணில் தின்ற ஓரத்தில் பல் வரி இணைகோடாகத் தெரியும். விடிந்ததும் மரத்தடியில் மென்று துப்பிய சக்கை உருண்டை கிடந்தால் வௌவால். மூன்றுக்கும் ஒரே மருந்து, பழத்துக்கு உறை. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் செய்தவையும் அவை ஏன் நிற்கவில்லை என்பதும்

நாங்கள் பார்க்க வரும்முன் வீட்டார் தாங்களாகச் செய்தவை மூன்று.

பழைய சிடிகளைக் கட்டினார்கள். முதல் நாலைந்து நாள் பலன் இருந்தது. இரண்டாவது வாரத்தில் காகம் அந்தக் கயிற்றின் மேலேயே உட்கார்ந்தது. மினுக்குவதும் சத்தமிடுவதும் பறவையை ஒன்றும் செய்வதில்லை. ஒன்றும் செய்யாத பொருளுக்குப் பறவை பத்துப் பதினைந்து நாளில் பழகிவிடும். இரண்டாவதாக வைத்த பொம்மைக்கும் இதே கதிதான். சங்கப் பாட்டில் தினைப்புனத்துக்குத் தட்டை, குளிர் என்ற கிளியோட்டும் ஒலிக்கருவிகளும் கவணும் இருந்தன, ஆனால் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பரணில் ஓர் ஆள் நாளெல்லாம் நின்றார். ஓட்டியது அந்த ஆள்தான். ஆள் இல்லாத கருவிக்கு ஆயுள் இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரத்தைச் சரியான இடத்தில் செலவழித்தால் போதும். சிவப்பும் வெள்ளியும் உள்ள மினுக்கு ரிப்பனை, அரை அங்குல அகலத்தில் வாங்கி, விதைத்த அன்று கட்டி, முளை 3 அங்குலம் உயர்ந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். பாத்திக்கு ஓரடி மேலே, 10 அடிக்கு ஒரு வரிசை. இழுத்து விறைப்பாகக் கட்டக்கூடாது. இரண்டு மூன்று முறுக்கு விட்டுச் சற்றே தளர்வாக இருந்தால்தான் காற்றில் அதிர்ந்து ஊளையிடும். வருஷம் முழுக்கத் தொங்கவிட்டால் அது கொல்லைக்கு அலங்காரம் மட்டுமே.

மூன்றாவது, பழைய மீன்வலை. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கழித்த வலையை மலிவாக வாங்கி, மிஞ்சிய தக்காளிச் செடிமேல் அப்படியே போர்த்தியிருந்தார்கள். டெல்டாவில் வீட்டுக்கு வீடு நடக்கும் காரியம் இது. நாங்கள் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வதும் இதைத்தான். செடிமேல் படிந்த வலைக்கு வெளியே நின்றே கொண்டைக்குருவி தக்காளியைக் கொத்தும். தளிர் வலைக்கண்ணில் புகுந்து வளர்ந்துவிட்டால் வலையை எடுக்கும்போது கிளையோடு வரும். இதையெல்லாம்விடக் கொடுமை, தரையில் தளர்ந்து கிடக்கும் ஓரம். மூன்றாம் நாள் காலை அதில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிக் கிடந்தது. நரம்பு வலை அதன் உடம்பில் 4 இடத்தில் செதிலுக்கடியில் இறங்கியிருந்தது. எலி பிடிக்க வந்த பாம்பு, கொல்லைக்கு நன்மை செய்ய வந்த பிராணி. தலைப்பக்கம் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, பழக்கமுள்ள ஒருவர் சிறு கத்தரியால் இழை இழையாக நறுக்கி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்கக்கூடாது. சாரையென்று நினைத்தது நல்லபாம்பாக இருந்துவிடலாம். வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லி ஆள் வரும்வரை நிழல் மட்டும் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

வலை வாங்கும்போது ஒரு சோதனை செய்யலாம். வலையை நன்றாக இழுத்துப் பிடித்து, கண்ணுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். நுழைந்தால் அந்த வலையில் குருவியும் ஓணானும் பாம்பும் சிக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண் இழுத்த நிலையில் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2021 செப்டம்பர் முதல் சட்டமே வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் சட்டம் இல்லை. அளவு நமக்கும் பொருந்தும்.

வலைக்கூண்டு

காய்கறிப் பாத்தியில் நாற்றும் தக்காளியும் மிளகாயும் இருக்கும் 20 அடிக்கு 12 அடி இடத்தை மட்டும் கூண்டாக்கினார்கள். 6 சென்ட்டையும் மூடத் தேவையில்லை. பாகலும் புடலும் பந்தலில் வெளியே நிற்கலாம், பறவை அவற்றை அதிகம் தொடுவதில்லை. பாகலுக்குப் பகலில் தேனீ வேண்டும், புடலம்பூ இரவில் விரிந்து விட்டில்பூச்சிக்குக் காத்திருக்கும். இரண்டையும் மூடினால் காயே பிடிக்காது.

சாமான்: 8 அடி சவுக்குக் கழி 9. 14 கேஜ் ஜிஐ கம்பி 2 கிலோ. புற ஊதாக் கதிர் தாங்கும் எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) வலை, 5 மில்லிமீட்டர் கண், 800 சதுர அடி. தைக்கத் தடித்த நைலான் நூல். மோட்டார் சைக்கிள் டியூப் ஒன்று. கழிவு ஆயில் ஒரு லிட்டர்.

கழியின் அடி 2 அடிக்குக் கழிவு ஆயிலை இரண்டு கை பூசி, ஒருநாள் காயவைத்து நட வேண்டும். டெல்டாக் களியில் பூசாத சவுக்கு ஐப்பசி மழையில் தரைமட்டத்தில் இற்றுவிடும். 3 வரிசை, வரிசைக்கு 3 கழி. நீளவாட்டில் 10 அடிக்கு ஒன்று, அகலவாட்டில் 6 அடிக்கு ஒன்று. ஒன்றரை அடி மண்ணுக்குள், ஆறரை அடி மேலே. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம் வேண்டும். குனிந்து நுழைய வேண்டிய கூண்டை ஒரு மாதத்தில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், களை மண்டிவிடும்.

மூலைக்கழி நான்குக்கும் வெளிப்பக்கம் சாய்வாக இழுகம்பி கட்டாயம். களிமண் நனைந்தால் இளகும், கோடையில் வெடித்துக் கழியைவிட்டு விலகும். இரண்டு பருவத்திலும் கழி ஆடும். கழியின் தலையில் பழைய டியூப் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் கம்பி முனையும் கழி விளிம்பும் வலையைக் கிழிக்காது. பிறகு உச்சியில் நீளவாட்டில் 3 கம்பி, அகலவாட்டில் 3 கம்பி, தரையோரம் சுற்றி ஒரு கம்பி.

கூரையும் சுவரும் தனித்தனித் துண்டாக வெட்ட வேண்டும். சுவர் வலையைத் தரையோரக் கம்பியில் கட்டி, கூடுதலாக ஓரடி விட்டு வெளிப்பக்கம் மடித்து மண்ணுக்குள் 4 அங்குலம் புதைக்க வேண்டும். இந்த மடிப்புத்தான் கோழியை நிறுத்துகிறது. தளர்ந்து கிடக்கும் ஓரம் எங்கும் இருக்கக்கூடாது. வலையை விரலால் சுண்டினால் தம்பட்டம் போல அதிர வேண்டும். அந்த விறைப்பு இருந்தால் மோதும் பறவை சிக்காமல் எகிறிப் போய்விடும்.

கூரை வலையைத் தைக்கக்கூடாது. கம்பியை வளைத்து எஸ் கொக்கி செய்து, இரண்டடிக்கு ஒன்றாக மாட்ட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் கால் மணி நேரத்தில் கழற்றிவிடலாம். நனைந்த வலை காற்றைப் பாய்போல் பிடித்துக் கழியோடு பிடுங்கும். இந்தக் கொல்லையில் கூண்டின் இடத்தையே 7 அடி மேற்கே தள்ள வேண்டியிருந்தது, தென்னை மட்டை விழும் எல்லைக்குள் முதலில் குறித்திருந்ததால். ஒரு காய்ந்த மட்டை போதும் கூரையைக் கிழிக்க.

5 மில்லிமீட்டர் கண்ணில், பூவை அதிரவைத்துக் காய் பிடிக்கச் செய்யும் கருவண்டு நுழையாது. கத்தரி பூக்கத் தொடங்கியதும் காலை 10 மணியிலிருந்து 3 மணி வரை தெற்குப்பக்கச் சுவரை இடுப்பளவு சுருட்டிவிட்டார்கள். காகமும் கொண்டைக்குருவியும் விடியலிலும் மாலையிலும்தான் மும்முரம், உச்சி வெயிலில் வரவு குறைவு. சுருட்ட மறந்த நாளில் தக்காளிக்கும் கத்தரிக்கும் கட்டுக்கயிற்றைப் பூ அதிரும் அளவுக்குத் தட்டிவிட்டால் ஓரளவு ஈடாகும்.

மயிலின் நடைவழி

இந்தியத் தேசியப் பறவையான மயில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பறவையின் முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைக்குச் சமம். விஷம் கலந்த நெல், மின்வேலி இரண்டையும் நினைக்கவே வேண்டாம். மயில் தின்ற விஷம் அதைத் தின்னும் நாய்க்கும் போகும், மின்வேலி தடுக்கி மனிதர் செத்த ஊர்கள் நம் பக்கத்திலேயே உண்டு.

நடந்து வருகிற பறவைக்கு நடைவழியை அடைத்தால் போதும். கிழக்கும் தெற்கும் சேர்த்து 106 அடி. உயிர்வேலியின் உள்பக்கம் 4 அடி உயரக் கோழிவலையை ஓட்டி, அடியை அரையடி புதைத்தார்கள். அதற்கு மேலே ஓரடிக்கு ஒன்றாக இரண்டு கயிறு. மஞ்சள் நிறத் தடித்த நைலான் கயிறு, 3 அடிக்கு ஒரு வெள்ளைத் துணிக் கிழி. கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நரம்பைக் கட்டச் சொல்பவர்கள் உண்டு. பறவை வேகமாக வந்து மோதினால் சிறகு வெட்டுப்படும். தெரிந்து விலகட்டும் என்றுதான் கட்டுகிறோம்.

வழி அடைத்த மூன்றாம் நாள் ஒரு பெட்டை மதில்மேல் ஏறியது. எதிர்பார்த்ததுதான். மதில் உச்சிக்கு முக்கால் அடி மேலே, அரையடி வெளித்தள்ளி, எல் வடிவக் கம்பியில் ஒரு கயிறு. கால் ஊன்ற வசதி இல்லாத விளிம்பில் மயில் இறங்காது. அதோடு, மயிலுக்குக் கொல்லையில் இருந்த இழுப்பு தளிர் மட்டுமல்ல, அந்த மண்குளியல் குழியும்தான். காய்ந்த வெறும் மண் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் 3 அங்குலத்துக்கு வைக்கோல் போட்டார்கள். குழி இருந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் கோழிவலையைப் படுக்கவைத்து ஆணி அடித்து, அதன்மேல் வைக்கோல்.

காக்கைக்கு வைத்த சோறு

இந்த ஆய்வில் செலவே இல்லாமல் கிடைத்த பலன் இதுதான். வீட்டில் தினமும் சமைத்ததும் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் வழக்கம். வைத்த இடம் வடக்கு மதில், நாற்றுப் பாத்திக்கு 8 அடி தூரம். சோற்றுக்கு வந்து காத்திருக்கும் காகம், காத்திருக்கும் நேரத்தில் பாத்தியைக் கிளறியது. வழக்கத்தை நிறுத்தச் சொல்வது முறையல்ல, தேவையுமில்லை. இடத்தை வாசல்பக்கத் திண்ணைக் கூரைக்கு மாற்றினார்கள். முதல் வாரம் காகம் பழைய மதிலிலேயே வந்து கத்தியது. பாட்டி வாசலில் நின்று "கா, கா" என்று கூப்பிட்டு வைத்ததில் பத்து நாளில் பழகிவிட்டது. சமையல் கழிவைத் திறந்த குழியில் கொட்டுவதையும் நிறுத்தி, மூடியுள்ள தொட்டிக்கு மாற்றினார்கள்.

விதை, பழம்

தட்டைப்பயறை மறுபடி விதைக்கும்போது ஒன்றரை அங்குல ஆழம், மேலே தென்னங்கீற்று. முளை தலைகாட்டிய மறுநாள் மாலை கீற்றை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் முளை வெளிறி நீண்டு, எடுத்த அன்றே சாயும். கீரை விதையோடு நாலு பங்கு மணல் கலந்து தூவி, பாத்தி ஓரத்தில் ஒரு கை நொய்யரிசி. எறும்பு அதைச் சுமந்துகொண்டு போகும்.

கொய்யாவுக்கு உறை போடும் பருவம், காய் எலுமிச்சை அளவு வந்ததும். பழைய கொசுவலையில் 8 அங்குலம் நீளம், 6 அங்குலம் அகலம் பை தைத்து, காம்பில் கட்டுவதற்குப் பதில் காம்பைத் தாங்கும் கிளையில் கட்ட வேண்டும். காம்பில் கட்டினால் காற்றில் ஆடி உதிர்ந்துவிடும். பாலித்தீன் பை போட்டால் உள்ளே வியர்த்துப் பழம் அழுகும். கொசுவலைப் பை கொண்டைக்குருவியை நிறுத்தும், கிளியை நிறுத்தாது, கிளி துணியோடு சேர்த்துக் கடிக்கும். அதனால் உள்ளே ஒரு சுற்றுச் செய்தித்தாள், வெளியே கொசுவலை. பழம் கண்ணில் படாவிட்டால் கிளிக்கு அக்கறை பாதி குறைகிறது. அணில் முழுக்க நிற்கவில்லை. பத்துப் பையில் ஒன்றிரண்டு கிழிந்தது.

பப்பாளிக்கு உறையே வேண்டாம். காயில் முதல் மஞ்சள் கீற்று விழுந்த அன்றே துரட்டியால் வாங்கி வைக்கோலில் வைத்தால் நாலைந்து நாளில் பழுக்கும். குயிலும் காகமும் முழுமஞ்சளைத்தான் தேடி வரும். மரத்தில் கனியவிட்ட ருசி வேண்டும் என்பவர்கள் சாக்கைத் தண்டோடு சுற்றிக் கட்டலாம்.

சித்திரை, வைகாசியில் தக்காளியைக் கொத்துவது பல சமயம் தாகத்துக்கு. கூண்டுக்கு எதிர்மூலையில் அகன்ற மண்சட்டியில் 2 அங்குலத் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றலாம். கொத்து குறையும், நிற்காது.

எல்லாப் பறவையையும் விரட்டுவது இங்கே நோக்கமில்லை. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிப் புழு தின்னும். செம்போத்து நத்தை பிடிக்கும். கூண்டுக்கு வெளியே 7 அடி உயரத்தில் டி வடிவக் குச்சி இரண்டு நட்டதில் கரிச்சான் வந்து உட்காருகிறது. அது கூடு கட்டும் காலத்தில் காகத்தை அந்தப் பக்கமே அண்டவிடாது, தன்னைவிடப் பெரிய பறவையென்று பார்க்காமல் துரத்தும். குச்சியைப் பழமரத்துக்கு மேலே மட்டும் நடக்கூடாது, கிளிக்கு அது படியாகிவிடும்.

புரட்டாசியில் திரும்ப நட்ட 40 கத்தரியில் 37 நின்றது. போன மூன்றில் இரண்டு வெட்டுப்புழு, ஒன்று வாடல். கார்த்திகை மழையில் கூரை வலைமேல் பக்கத்து முருங்கைச் சருகு படிந்து, நனைந்து, நடுக்கம்பி ஒரு சாண் தொய்ந்தது. வாரம் ஒரு முறை உள்ளிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் தட்டிவிடுவது அதற்குப் பிறகு வழக்கமானது. அறுப்பு முடிந்து பங்குனியில் கூரையைக் கழற்றி, அலசி, நிழலில் உலர்த்தி, சுருட்டி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தரையில் வைத்தால் எலி ஓட்டை போடும், ஒரு ஓட்டை போதும் குருவி நுழைந்து வெளியேற முடியாமல் தவிக்க. ஆடியில் மாட்டும்முன் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஒவ்வொரு முழமாகப் பார்த்துத் தைக்க வேண்டும்.